நிக்கோட்டின் கம்: ஒரு சமையல்காரர் மென்று பார்த்த அனுபவம்

சிங்கப்பூர் தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை எனக்கு. விடிகாலையில் பருப்பு வேகவைக்க ஆரம்பித்தால் மதிய வாழையிலைக் கூட்டம் கலையும்வரை நிற்க நேரமிருக்காது. அப்படியும் இடையிடையே பின்வாசலுக்குப் போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வருவேன். இருபது வருஷத்துக்கு மேலான பழக்கம் அது. விட்டுச் சில மாதங்கள் ஆகின்றன. கைகொடுத்தது நிக்கோட்டின் கம், அதாவது சிகரெட் ஆசையைத் தணிக்க மெல்லும் மருந்து. அடுப்படியில் நிற்கிறவர்களுக்கு இதில் தனியாகச் சில சிக்கல்கள் உண்டு, அவற்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வாங்குவது. சிங்கப்பூரில் சூயிங்கம் விற்பனைக்கு 1992 முதல் தடை. அமெரிக்காவுடன் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் வந்தபிறகு, 2004-இல், மருந்தாகப் பயன்படும் கம்முக்கு மட்டும் வழிவிட்டார்கள். ஆகவே மிட்டாய் வரிசையில் தேடாதீர்கள். மருந்துக் கடையில் மருந்தாளர் நிற்கும் முகப்பில் கேட்க வேண்டும். நான் போன கடையில் ஒருமுறை மருந்தாளர் சாப்பாட்டு இடைவேளைக்குப் போயிருந்தார் என்று வெறுங்கையோடு திருப்பி அனுப்பினார்கள். புகைப்பதை விட முடிவெடுத்து வந்தவனை அரை மணி நேரம் கழித்து வா என்பது சரியில்லை. அந்த அரை மணியில் அவன் எங்கே போய் நிற்பான் என்று எல்லோருக்கும் தெரியும்.

மறுபடி போனபோது இருந்த மருந்தாளர் நம் தமிழ்ப் பெண். "காலையில எழுந்து எவ்வளவு நேரத்துல முதல் சிகரெட் பிடிப்பீங்க, அண்ணே?" என்றுதான் ஆரம்பித்தார். எழுந்த அரை மணிக்குள் பற்றவைப்பவர்களுக்கு 4 மில்லிகிராம், அதற்குப் பிறகுதான் என்றால் 2 மில்லிகிராம். எனக்குக் கண் விழித்ததும் வேண்டும், அதனால் 4. முதல் 6 வாரம் ஒன்றிரண்டு மணிக்கு ஒன்று, பிறகு படிப்படியாகக் குறைத்து, மொத்தம் 12 வாரம். சுகாதார மேம்பாட்டு வாரியத்தின், புகைப்பதை விட உதவும் 'ஐ குவிட்' திட்டம் 28 நாள் புகைக்காமல் இருக்கும் கணக்கு. 28 நாள் தாண்டிவிட்டோம் என்று கம்மையும் அன்றே நிறுத்திவிட வேண்டாம் என்று அந்தப் பெண் அழுத்திச் சொன்னார். அது நல்ல அறிவுரை.

மெல்லும் விதம்தான் முக்கியம். மெதுவாக மெல்ல வேண்டும். மிளகைக் கடித்தமாதிரி ஒரு காரம் நாக்கில் ஏறும். ஏறியதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் அதக்கிவிட வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி சில தடவை மென்று, இந்தமுறை மறுபக்கம் அதக்க வேண்டும். இப்படி ஒரு துண்டு அரை மணி நேரம் வரும். நிக்கோட்டின் வாய்த்தோல் வழியாக இரத்தத்தில் சேர்வதற்காகத்தான் இவ்வளவு பொறுமை. சாதாரண கம் மாதிரி வேகமாக மென்றால் எச்சிலோடு வயிற்றுக்குப் போகும், அங்கிருந்து கல்லீரல் பெரும்பகுதியை உடைத்துவிடும், மிஞ்சுவது விக்கலும் நெஞ்செரிச்சலும்தான். எங்கள் கடையில் பரோட்டா போடும் தம்பி அவசரக்காரன். "அண்ணே, விக்கல் நிக்கவே மாட்டேங்குது" என்று மாவும் கையுமாக வந்து நின்றான். குற்றம் கம்மில் இல்லை.

இப்போது அடுப்படிச் சிக்கல். வாய்க்குள் புளிப்பு இருந்தால் நிக்கோட்டின் உள்ளே இறங்காது. அதனால் மெல்லுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்தும், மெல்லும்போதும், கோப்பி, பழச்சாறு, சோடா எதுவும் ஆகாது. தண்ணீர் மட்டும். சரி, ரசத்துக்குப் புளி சரியா என்று பார்க்க வேண்டியவன் என்ன செய்வது? சாம்பார், வத்தக்குழம்பு, மீன்குழம்பு எல்லாமே புளி. ருசி பார்க்கும் வேலையை ஒரே நேரத்தில் முடித்து, வாய் கொப்பளித்து, கால் மணி நேரம் விட்டு, பிறகு கம்மை எடுக்கும்படி வேலை வரிசையையே மாற்றினேன். இரண்டாம் சுற்று ருசிக்குத் தம்பியைக் கூப்பிட்டேன். இது எந்தப் பெட்டியிலும் அச்சிட்டிருக்காது, சமையல்காரர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

புளிப்பு ஏன் கெடுக்கிறது என்று மருந்தாளரைக் கேட்டபோது, கம்மில் புளிப்புக்கு எதிரான காரத்தன்மை (மிளகுக் காரமில்லை, சுண்ணாம்புக்கு இருப்பது) தரும் உப்பு சேர்த்திருப்பதாகவும், வாய் அப்படி இருந்தால்தான் நிக்கோட்டின் தோலில் இறங்கும் என்றும் சொன்னார். எனக்கு உடனே வேதாரண்யத்தில் இருந்த அப்பாயி நினைவு வந்தது. வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, புகையிலைக் காம்பைக் கிள்ளிவைத்து அதக்குவார். சுண்ணாம்பு செய்த வேலையும் அதேதான். அப்பாயிக்குக் கடைசியில் கன்னத்தில் ஆறாத புண். புகையிலை சேர்த்த வெற்றிலைப் பாக்கு மட்டுமில்லை, பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. குட்கா, கைனி, ஜர்தா என்ற வாயில் போடும் புகையிலை வகைகளை சிங்கப்பூர் 2016 ஆகஸ்ட் 1 முதல் தடை செய்தது. அதை நான் மனதார வரவேற்கிறேன்.

கம்மில் இருக்கும் நிக்கோட்டினும் புகையிலைச் செடியிலிருந்து எடுத்ததுதானே, ஒரு பழக்கத்துக்கு இன்னொன்றா என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. புகையிலை நம் கத்தரி, தக்காளி, மிளகாய் குடும்பம். வேரில் நிக்கோட்டினை உண்டாக்கி, பூச்சி அண்டாமலிருக்க இலைக்கு அனுப்புகிறது. ஊரில் புகையிலையை ஊறவைத்த தண்ணீரைக் கத்தரிச்செடிக்குத் தெளிப்பார்கள். அடிமைப்படுத்துவது அந்த நிக்கோட்டின். நுரையீரலையும் இரத்தக்குழாயையும் பெரும்பாலும் கெடுப்பது இலை எரிந்து வரும் புகை: 7000-க்கு மேற்பட்ட வேதிப்பொருள்கள், அவற்றில் 70 அளவில் புற்றுநோய் தருபவை, கூடவே கார்பன் மோனாக்சைடு. இழுத்த புகையின் நிக்கோட்டின் பத்து இருபது விநாடியில் மூளைக்குப் போய்விடும். கம் அப்படித் தாக்காது, மெதுவாக ஏறும். அந்த மெதுவில்தான் பழக்கம் தளர்கிறது. இந்தக் கம்மைக் கண்டுபிடித்தவர் சுவீடனின் ஓவே பெர்னோ. நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க முடியாத மாலுமிகள் வாயில் புகையிலையை அதக்கிச் சமாளித்த செய்திதான் 1960-களில் அவருக்கு யோசனை தந்தது.

இன்னொரு விஷயம், கோப்பி. சிகரெட் புகை கல்லீரலைத் தூண்டி கஃபைனை வேகமாக வெளியேற்ற வைக்கும். புகையை நிறுத்தினால் அதே கோப்பி உடம்பில் நெடுநேரம் தங்கும். கம் மென்றாலும் இதில் மாற்றமில்லை, ஏனென்றால் தூண்டுவது புகை, நிக்கோட்டின் இல்லை. முதல் வாரம் தூக்கமில்லாமல் படபடப்பாக இருந்ததற்குப் பாதிக் காரணம் நான் குடித்த கோப்பி ஓ (பாலில்லாத கோப்பி). பாதியாகக் குறைத்ததும் அடங்கியது. இதை எல்லா மருந்துக் கடையிலும் சொன்னால் எத்தனையோ பேர் மறுபடி சிகரெட் பெட்டியைத் தேட மாட்டார்கள்.

விலை? கம் பெட்டி மலிவில்லை. ஆனால் 2023 பிப்ரவரியில் வரி உயர்ந்தபோது ஒரு சிகரெட்டுக்கு 49.1 காசு ஆனது. இருபது உள்ள பாக்கெட்டில் வரி மட்டும் அப்போதே 9 வெள்ளி 82 காசு. அதைக் கணக்குப் போட்டபிறகு கம்மின் விலை எனக்கு உறுத்தவில்லை.

குறைகள்: தாடை வலிக்கிறது. அடுப்புச் சூட்டில் வேகமாக நடமாடும்போது அதக்கி வைப்பது எளிதில்லை. கடும் ஆசை வரும்போது கம் மட்டும் பத்தாது. தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பேட்ச்சும் கம்மும் சேர்த்துப் பயன்படுத்தினால் ஒன்றை மட்டும் நம்புவதைவிட அதிகம் பேர் விடுகிறார்கள் என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. நானும் கடைசியில் அப்படித்தான் செய்தேன். பல்செட் கட்டியவர்களுக்குக் கம் ஒட்டிக்கொண்டு தொல்லை, அவர்கள் பேட்ச் கேட்கட்டும். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. மென்ற துண்டைத் தாளில் சுற்றிப் போடுங்கள், குழந்தை வாயில் வைத்தால் ஆபத்து.

பேச ஆள் வேண்டுமென்றால் 1800 438 2000, புகைப்பதை விடுவதற்கான உதவித் தொலைபேசி. சுவையில் புதினாவை வாங்குங்கள். பழச்சுவை தாளிப்பு வாடையோடு சேர்ந்து குமட்டுகிறது. ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன்.