பாட்டில் வெட்டும் கருவி: உருளைக்கு முழு மார்க், உப்புத்தாளுக்குப் பூஜ்யம்

பெட்டியின் மேல் ஒரு பெண் சிரித்தபடி, அப்போதுதான் வெட்டிய பாட்டிலை வெறுங்கையில் தூக்கிப் பிடித்திருக்கிறாள். கையில் உறை இல்லை, முகத்தில் மாஸ்க் இல்லை. அந்தப் படத்தை எடுத்தவர் வாழ்நாளில் ஒரு பாட்டில்கூட வெட்டியிருக்க மாட்டார். படத்தை மறந்துவிட்டு உள்ளே இருக்கும் சாமானைப் பார்த்தால், பாதி அருமை, பாதி அலங்காரம்.

கருவியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே வடிவத்தில் பல பெயர்களில் விற்கிறார்கள்; பிளாஸ்டிக் சட்டம் வைத்ததும் உண்டு, இரும்புச் சட்டம் வைத்ததும் உண்டு. நான் வாங்கியது இரும்பு. பாட்டில் படுத்துக்கொள்ள உருளைகள், கீழே சின்ன வெட்டுச் சக்கரம், பாட்டிலின் அடிப்பாகம் முட்டி நிற்க ஒரு தட்டு, இறுக்க ஒரு சாவி, இரண்டு துண்டு உப்புத்தாள், பொடி எழுத்தில் ஒரு செய்முறைத் தாள். பழைய பாட்டில், ஜாடி எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறவர்களுக்கு, அதைப் பூச்சாடியாக, விளக்குக் கூடாக மாற்ற இது போதுமா என்பதுதான் கேள்வி. பாதி வேலைக்குப் போதும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். உருளைகள் ஆட்டமே இல்லாமல் உருளுகின்றன. பாட்டிலைப் படுக்க வைத்து, இரண்டு கையாலும் லேசாக அழுத்தி, நம் பக்கமாக ஒரு சுற்று உருட்டினால் டங்ஸ்டன் கார்பைடு சக்கரம் மயிரிழையில் ஒரு கோடு போட்டுவிடும். சக்கரம் கண்ணாடியை வெட்டுவதில்லை, மேற்பரப்பில் மெல்லிய விரிசல் ஒன்றைத் திறந்துவிடுகிறது. அந்த விரிசல் எந்த வழியாக உள்ளே இறங்க வேண்டும் என்பதைத்தான் நாம் முடிவு செய்கிறோம். சரியான அழுத்தம் காதுக்குத் தெரியும்: 'சர்ர்ர்' என்று ஒரே சீரான சத்தம் வர வேண்டும். கரகரத்தால் அழுத்தம் அதிகம். சத்தம் நடுவில் அறுந்தால் அந்த இடத்தில் கோடு விழவில்லை. பாட்டிலை வார்த்த அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் மேலும் கீழுமாக ஓடும் ஒட்டுத்தழும்பைத் தாண்டும்போது மட்டும் ஒரு சின்ன 'டக்'. அதற்குப் பயப்பட வேண்டாம்.

அக்காவுக்கு என்னைவிடக் கை நிதானம். நான் உருட்டும்போது பக்கத்தில் நின்று, "அழுத்தாதடி, அது பாட்டுக்கு உருளட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். செய்முறைத் தாளில் இருக்கும் அத்தனை வரிகளையும்விட அந்த ஒரு வரி உபயோகமானது. நான் தையல் தொழில் செய்கிறவள். துணியில் சாக்கட்டிக் கோடு சரியாக விழாவிட்டால் அதன் மேலேயே இன்னொரு முறை போடலாம். கண்ணாடியில் ஒரே முறைதான். போட்ட கோட்டின் மேலேயே திரும்பவும் உருட்டினால் விளிம்பு பொரிப்பொரியாக உதிரும், சக்கரமும் மழுங்கும். கோடு போடுவதற்கு முன் சக்கரத்தில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டுக்கொள்ளுங்கள். தாளில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ஆனால் வித்தியாசம் கோட்டில் தெரியும்.

குறை என்று பார்த்தால், முட்டுத் தட்டை இறுக்கும் திருகு. நாலைந்து பாட்டில் உருண்டதும் அதிர்வில் தானாக இளகிவிடுகிறது. தட்டு ஒரு நூல் நகர்ந்தாலும் கோட்டின் தொடக்கமும் முடிவும் சந்திக்காது. சந்திக்காத இடத்தில் பிளவு படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கும். அதை எவ்வளவு தேய்த்தாலும் சரிசெய்ய முடியாது. அதனால் ஒவ்வொரு பாட்டிலுக்கும் முன்னால் சாவியை ஒரு திருப்புத் திருப்புவது பழக்கமாகிவிட்டது. உருளைக்குக் காட்டிய அக்கறையில் கால்வாசியைத் திருகுக்குக் காட்டியிருக்கலாம்.

உருண்டையான, நேரான உடம்புள்ள பாட்டில்தான் இதற்குச் சரி. சதுரப் பாட்டில் உருளவே உருளாது. மேலே போகப்போகக் குறுகும் பாட்டில் ஒரு பக்கமாக நழுவிப் போகும். புடைத்த எழுத்துகள் இருக்கும் இடத்தில் சக்கரம் குதிக்கும். அட்டையில் 'எல்லா வடிவங்களுக்கும்' என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம்.

கோடு போட்ட பிறகு பிரிப்பதில்தான் தாள் நம்மைக் கைவிடுகிறது. 'கொதிநீர் ஊற்றவும், பிறகு பனிநீர் ஊற்றவும்' என்று ஒரே வரி. சாதாரணப் பாட்டில் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி. ஒரு டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 9 பங்கு விரியும். கேட்க ஒன்றுமில்லாத அளவு. ஆனால் கண்ணாடி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். வெளிப்பக்கம் விரிந்து உள்பக்கம் விரியாமல் இருக்கும் அந்த இழுபறியில்தான் விரிசல் கீழே இறங்குகிறது. கொதிக்கக் கொதிக்க ஊற்றிவிட்டு உடனே பனிக்கட்டித் தண்ணீர் என்றால் இழுபறி எல்லை மீறிப் போய், விரிசல் நம் கோட்டை விட்டு அதன் இஷ்டத்துக்கு ஓடும். ஊதிச் செய்த பாட்டிலின் சுவர் எல்லா இடத்திலும் ஒரே தடிமனாகவும் இருக்காது.

நான் செய்வது இப்படி. கெட்டிலின் மூக்கிலிருந்து நூல் பிடித்தாற்போல வெந்நீரைக் கோட்டின் மேல் மட்டும் விட்டுக்கொண்டே பாட்டிலை மெதுவாகச் சுற்றுவேன். பிறகு அதே இடத்தில் சாதாரணக் குழாய்த் தண்ணீர். பனிக்கட்டி கிடையாது. மறுபடி வெந்நீர், மறுபடி குழாய்த் தண்ணீர். ஏதோ ஒரு சுற்றில் 'டிக்' என்று நகம் தட்டினாற்போல ஒரு சத்தம் வரும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கோட்டுக்குக் கீழே வெள்ளி மாதிரி மின்னும் ஒரு தகடு நகர்ந்துகொண்டே போவது தெரியும்; அதுதான் விரிசல். அது சுற்றி வந்து முடிந்ததும் பாட்டில் தானாகவே இரண்டாகக் கையில் வரும். இழுக்கக் கூடாது, முறுக்கக் கூடாது. அசிட்டோனில் நூலை நனைத்துச் சுற்றித் தீ வைக்கும் வித்தையை வீடியோக்களில் காட்டுகிறார்கள். நெருப்பும் ஆபத்து, வெட்டும் கோணல். எனக்கு அது வேண்டாம்.

எந்தக் கண்ணாடியை இந்தக் கருவியில் வைக்கவே கூடாது என்பதைத்தான் அட்டையில் பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டும். டெம்பர் செய்த டம்ளர்கள் முதல் வகை. டியூராலெக்ஸ் போன்ற கடினப்படுத்திய டம்ளர்களின் வெளித்தோல் அழுத்தத்திலும் உள்பக்கம் இழுவிசையிலும் இருக்கும். கீறல் அந்தத் தோலைத் தாண்டி உள்ளே இறங்கினால் முழு டம்ளரும் ஒரே நொடியில் பொடிக்கற்களாகச் சிதறும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. லேப்டாப் திரையை வெள்ளையாக வைத்து, போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, திரை கறுப்பாகும்வரை தலையைச் சாய்த்து, டம்ளரைத் திரைக்கு முன்னால் பிடியுங்கள். வெளிச்சப் பட்டைகளோ வண்ணத் திட்டுகளோ தெரிந்தால் உள்ளே விசை அடைந்திருக்கிறது. அது அப்படியே அலமாரிக்குப் போகட்டும்.

இரண்டாவது போரோசிலிகேட். ஆய்வகக் குடுவை, அடுப்பில் வைக்கும் பழைய பாத்திரம் போன்றவை. ஜெர்மனியில் ஓட்டோ ஷாட் உருவாக்கிய வகை இது. 1915-ல் கார்னிங் நிறுவனம் பைரெக்ஸ் என்று சமையலறைக்குக் கொண்டுவந்தது. சூட்டுக்கு விரிவது சாதாரணக் கண்ணாடியில் மூன்றில் ஒரு பங்குதான், 9-க்குப் பதில் 3.3. சூட்டையும் குளிர்ச்சியையும் தாங்கத்தானே அதைச் செய்தார்கள்! வெந்நீர் வைத்தியம் அதனிடம் செல்லாது.

மூன்றாவது ஈயப் படிகம். தூக்கினால் கனக்கும், சுண்டினால் மணி மாதிரி நீளமாக ஒலிக்கும். ஐரோப்பிய விதிப்படி 24 சதவீதமாவது ஈய ஆக்சைடு இருந்தால்தான் அதற்கு அந்தப் பெயர். அதைத் தேய்த்தால் வரும் பொடியில் ஈயம் இருக்கும். முழுசாக வைத்து அழகு பார்க்கலாம், வெட்டக் கூடாது. நான்காவது என் சொந்த ஆசை: அச்சுத் தழும்பு வாய்வரை ஏறாமல் கழுத்திலேயே நின்றுவிடும் பாட்டில் கிடைத்தால் வெட்ட மாட்டேன். மைக்கேல் ஓவன்ஸின் தானியங்கி எந்திரம் 1903 வாக்கில் வந்த பிறகுதான் தழும்பு வாய் விளிம்புவரை ஏறுவது பரவலானது. கழுத்தில் நிற்கிறது என்றால் வாயை ஒருவர் கையால் முடித்திருக்க வாய்ப்புண்டு.

உப்புத்தாளுக்கு வருகிறேன். கூடவே வரும் இரண்டு துண்டும் ஒரு விளிம்பைக்கூட முழுசாகத் தாங்காது, வழுக்கையாகிவிடும். சிலிகன் கார்பைடு நீர்த்தாள் தனியாக வாங்குங்கள்: 80, 120, 220, 400 என்ற வரிசையில். தட்டையான ஓடு ஒன்றின் மேல் 80 நம்பர் தாளை ஈரமாக ஒட்டவைத்து, பாட்டிலைக் கவிழ்த்து 8 போடுவதுபோலத் தேய்க்க வேண்டும். முதலில் பல் கூசும் சத்தம். கொஞ்ச நேரத்தில் பால் போல வெள்ளைக் குழம்பு கசியும். சத்தம் 'உஸ்' என்று இறங்கியதும் அடுத்த நம்பர். உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் தாளைச் சுருட்டிச் சாய்வாக மழிக்க வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது அந்த உள்விளிம்புதான், விரலைக் கிழிப்பதும் அதுதான். முடிந்ததா என்று பார்க்க விரலைத் தடவாதீர்கள். ஒரு ஜார்ஜெட் துண்டை விளிம்பில் ஒரு சுற்று இழுங்கள். ஒரு இழை சிக்கினாலும் வேலை பாக்கி இருக்கிறது.

காய்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது, ஈரத்தில் தேய்த்தாலும் மாஸ்க் போடுங்கள். வெள்ளைக் குழம்பைக் காகிதத்தில் வழித்துக் குப்பையில் போடுங்கள். தொட்டியில் ஊற்றினால் குழாயில் படிந்து உட்கார்ந்துவிடும்.

செய்த சாமான்களில் எனக்கு மிகவும் பிடித்தது பச்சைப் பாட்டிலின் மேல்பாதி. கழுத்து வழியாக ஒயரை இறக்கி, உள்ளே சூடாகாத சின்ன எல்இடி பல்ப் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன். இயந்திர மேஜை மேல் விழும் வெளிச்சம் இலைநிறம். கீழ்ப்பாதியில் கத்தரிக்கோல், டேப், சாக்கட்டி. 'மெழுகுவத்தி வைக்கலாமே' என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். வெட்டிய கண்ணாடிக்குள் தீ வைக்க மாட்டேன். ஒரு பக்கம் மட்டும் சூடேறி, விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொரி இருந்தால் போதும், பிளவு அங்கிருந்து கிளம்பிவிடும். தண்ணீர் நிரப்பிய உருண்டை ஜாடியை வெயில் நேராக விழும் ஜன்னலில் வைப்பதும் வேண்டாம். அது ஒளியைக் குவிக்கும், திரைத்துணி கருகும்.

பழைய கண்ணாடியில் பாதிக்கு மேல் வெட்டாமலே அழகாகும் என்பதையும் சொல்ல வேண்டும். காம்பு வைத்த கிண்ணத்தைக் கவிழ்த்து, மேலே ஒரு கண்ணாடித் தட்டை சிலிகான் பசையால் ஒட்டினால் வளையல் வைக்கும் உயரத் தட்டு தயார். வினிகர் வாசனை அடிக்கும் சிலிகான் காற்றின் ஈரத்தில்தான் இறுகும். ஒருநாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள். வாங்கும் சாமான் மங்கலாக இருந்தால் வினிகரில் ஊறவைத்துப் பாருங்கள். உப்புப் படிவு என்றால் கரைந்துவிடும். தேய்த்தும் போகாவிட்டால் கண்ணாடியின் மேல்தோலே அரிக்கப்பட்டிருக்கிறது, அது திரும்ப வராது. மங்கலான விளக்குக் கூடாக வைத்துக்கொள்ளலாம்.

சட்டத்துக்கும் உருளைக்கும் முழு மார்க். திருகுக்குப் பாதி. தாளுக்கும் உப்புத்தாளுக்கும் ஒன்றுமில்லை. நேரான பாட்டில் நிறைய வைத்திருப்பவர்கள் இரும்புச் சட்டம் உள்ளதையே வாங்குங்கள். பணம் கொடுக்கும் முன் மாற்றுச் சக்கரம் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். என் கருவிக்குக் கிடைக்கவில்லை. கண்ணாடிக் கடைகளில் விற்கும் சாதாரண கட்டரின் சக்கரத்தைக் கழற்றிப் போட்டால் பொருந்துகிறதா என்று அக்கா பார்த்துக்கொண்டிருக்கிறாள்.