அம்பை ரூட் சாம்பிள் பெட்டி: நோட்டு, செல்போன், கன் ஸ்கேனர்

காலை பதினொன்றரைக்கு ரத்த சாம்பிள்களோடு அம்பை (அம்பாசமுத்திரம்) ரூட் பெட்டி பாளையங்கோட்டையில் எங்கள் லேபுக்கு வந்து சேரும். விக்கிரமசிங்கபுரத்தில் கிளம்பி அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று கலெக்ஷன் சென்டர்களைத் தொட்டுக்கொண்டு பைக்கில் வரும் பெட்டி. ஒருநாள் அதைத் திறந்தால் ஊதா மூடி ட்யூப் இரண்டில் ‘இசக்கியம்மாள், 52, பெ’ என்று எழுதியிருக்கிறது. பெயரும் நேரமும் பதியும் நோட்டைப் புரட்டினால் அன்றைக்கு இசக்கியம்மாள் மூன்று பேர். நம் பக்கத்தில் இசக்கிக்கும் பேச்சிக்கும் சுடலைக்கும் பஞ்சமா?

“அண்ணாச்சி, நோட்டுல எழுதின வரிசையிலதான் அடுக்கி இருக்கேன்” என்றான் பெட்டி கொண்டுவந்த தம்பி. அவன் அடுக்கியது உண்மைதான். வழியில் குலுங்கிய குலுக்கலில் வரிசை கலைந்துவிட்டது. யாருடையது எது என்று ஊகித்து ரிப்போர்ட் கொடுக்க முடியாது. மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னோம். வீரவநல்லூர் அம்மா திட்டியது நியாயமான திட்டு.

அதற்கு அப்புறம்தான் நோட்டுக்கு மாற்றாக ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க ஆரம்பித்தோம்.

முதலில் நோட்டைக் குறை சொல்லிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. சார்ஜ் வேண்டாம், டவர் வேண்டாம், யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். ஆனால் பெயரைவிட நேரத்தில்தான் நோட்டு அதிகம் பொய் சொல்லும். எங்கள் பழைய நோட்டைப் பாருங்கள்: 7.00, 7.15, 7.30 என்று எல்லாம் உருண்டையான நேரம். ஒரே பேனா, ஒரே மூச்சில் எழுதியது என்று பார்த்தாலே தெரியும். சர்க்கரை டெஸ்டுக்கு இந்த நேரம் முக்கியம். ரத்தத்தை எடுத்து அப்படியே வெளியில் வைத்தால், அதில் இருக்கும் அணுக்களே மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸைத் தின்றுவிடும். சாம்பல் மூடி ட்யூபில் இதைத் தடுக்கும் ஃபுளோரைடு இருக்கிறது என்றாலும் அது முழுதாக வேலை செய்ய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். ரத்தம் எப்போது எடுத்தது என்று தெரியாமல் ரிசல்ட்டை நம்புவது எப்படி?

நடுவில் வாட்ஸ்அப் கொஞ்ச நாள் ஓடியது. ட்யூப்களை வரிசையாக வைத்துப் படம் எடுத்து குரூப்பில் போடுவார்கள். நேரம் தானாக விழும், நல்லதுதான். ஆனால் நோயாளியின் பெயர், வயது, என்ன டெஸ்ட் என்பதெல்லாம் குரூப்பில் இருக்கும் எல்லோர் போனிலும் தங்கிவிடும். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இது தப்பு. நிறுத்திவிட்டோம்.

இப்போது அம்பை ரூட்டில் ஓடுவது செல்போன் கேமராவில் பார்கோடு. ரத்தம் எடுத்த கையோடு, நோயாளி நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் முன், ஸ்டிக்கர் ஒட்டி ஒரு ஸ்கேன். பைக் தம்பி வாங்கும்போது ஒன்று. லேபில் இறக்கும்போது ஒன்று. மூன்று முறை கை மாறுகிறது, மூன்று நேரம் தானாகப் பதிவாகிறது. ஒரு ட்யூப் காணோம் என்றால் யார் கையில் கடைசியாக இருந்தது என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஆனால் இதில் போனைவிட ஸ்டிக்கர்தான் எங்களைப் படுத்தியது. 3 மில்லி ஊதா ட்யூபின் விட்டம் 13 மி.மீ., சுற்றளவு 41 மி.மீ. ஒரு பக்கமிருந்து பார்த்தால் தெரிவது அதில் பாதி, 20 மி.மீ. சொச்சம். பார்கோடை மோதிரம் மாதிரி சுற்றி ஒட்டினால் கோடுகள் வளைவுக்குப் பின்னால் போய்விடும், எந்தக் கேமராவும் படிக்காது. ட்யூபை நிமிர்த்திப் பிடித்தால் கோடுகள் ஏணிப்படி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிய வேண்டும். “ஏணியா ஒட்டு” என்று ஒவ்வொரு சென்டர் சுவரிலும் ஒரு மாதிரி ட்யூபையே செலோடேப்பால் ஒட்டிவைத்தேன். பத்துப் பக்கப் பயிற்சிக் கையேட்டைவிட அது நன்றாக வேலை செய்தது.

நம்பரையும் மாற்றினோம். முதலில் சென்டர் பெயரின் எழுத்துகள் கலந்த பத்து இலக்கக் குறி. ‘கோட் 128’ (Code 128) என்ற பார்கோடு முறையில் ஓர் எழுத்துக்கு 11 கட்டம் பிடிக்கும். ஒரு கட்டம், அதாவது மிக மெல்லிய கோடு, 0.25 மி.மீ. என்றால் தொடக்க, சரிபார்ப்பு, முடிவுக் குறிகளும் சேர்த்து மொத்தம் 36 மி.மீ. நீளம், இரண்டு பக்கமும் விட வேண்டிய வெற்றிடம் சேர்த்து 41. ட்யூபே 75 மி.மீ.தான், மூடி போக மிச்சத்தில் இடித்துக்கொண்டு நிற்கும். வெறும் எண்களாக மாற்றினால் இரண்டு எண்ணுக்கு ஒரு 11 கட்டம் போதும், வெற்றிடத்தோடு 28 மி.மீ.க்குள் அடங்கிவிடும். இப்போது சென்டருக்கு இரண்டு எண், வரிசைக்கு ஆறு, ட்யூப் வகைக்கு இரண்டு. ‘க்யூஆர் போட்டால் இன்னும் சின்னதாகுமே’ என்று கேட்பார்கள். ஆகும், போனும் சட்டென்று படிக்கும். ஆனால் லேபில் இருக்கும் பல மெஷின்களின் ரீடருக்குக் கோடு போட்ட பார்கோடுதான் தெரியும். ஒரு ட்யூபுக்கு இரண்டு ஸ்டிக்கர் என்று ஆரம்பித்தால் அது வேறு தலைவலி.

இன்னொன்று, ஸ்பிரிட் பஞ்சு. சூடுபட்டுக் கறுக்கும் மலிவு தெர்மல் ஸ்டிக்கரில் ஸ்பிரிட் பட்டால் அந்த இடம் கறுத்துப்போகும்.  ரிப்பன் போட்டு அச்சிடும் பிரின்டருக்கு மாறினோம். செலவு கூடியது, புலம்பல் குறைந்தது.

ஏமாற்றும் உண்டு. சில நாள் வீரவநல்லூரில் ஏழு மணிக்கே இருபது ட்யூபும் ‘எடுத்தாச்சு’ என்று வந்தது. போய்ப் பார்த்தால், விண்ணப்பப் படிவத்தில் ஒட்டும் உபரி ஸ்டிக்கர்களை மேசையில் பரப்பிவைத்து ஒரே மூச்சில் ஸ்கேன் செய்திருக்கிறார்கள். அதிலிருந்து படிவ ஸ்டிக்கரில் கடைசி இரண்டு எண் 00. அதை ஸ்கேன் செய்தால் ஆப் ஏற்காது.

டவர் விஷயத்தில் ஒரு விற்பனைக்காரரிடம் ஏமாந்தோம், அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் காட்டிய ஆப் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் நெட்டைத் தேடும். பாளையங்கோட்டையில் காட்டியபோது பளிச்சென்று ஓடியது. பாபநாசத்துக்கு மேலே காரையாறு பக்கம் கேம்ப் போனபோது வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது. போனிலேயே சேமித்து, டவர் கிடைத்ததும் அனுப்பும் ஆப் மட்டும் வாங்குங்கள். வாங்கும் முன் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு அவர் முன்னாலேயே பத்து ட்யூப் ஸ்கேன் செய்து பாருங்கள்.

சரி, கன் ஸ்கேனர்? கடை பில் கவுண்டரில் இருக்கிற அதே சாதனம். விசையை அழுத்தினால் பீப், முடிந்தது. போன் கேமரா ஃபோகஸ் பிடிக்க ஒன்றிரண்டு விநாடி எடுக்கும் இடத்தில் இது கண் இமைக்கும் நேரம்தான். ஈரக் கையுறையோடு தொடுதிரையில் மல்லாட வேண்டியதும் இல்லை. எல்லா ரூட் பெட்டியும் ஒரே நேரத்தில் வந்து குவியும் லேப் கவுண்டரில் இதற்கு மாற்றே கிடையாது, போனை வைத்துக்கொண்டு அங்கே நின்றால் கழுத்து வலிதான் மிச்சம். ரூட்டில் கொடுக்கலாம் என்று ஆண்ட்ராய்டோடு சேர்ந்த கைக்கருவி ஒன்றையும் ஓட்டிப் பார்த்தோம். கீழே விழுந்தால் தாங்குகிறது, பேட்டரி நாள் முழுக்க நிற்கிறது. ஆனால் ஒன்றின் விலையில் நல்ல போன் மூன்று நான்கு வாங்கலாம். கெட்டுப்போனால் கூரியரில் வெளியூர் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். போன் என்றால் ஜங்ஷனில் சாயங்காலத்துக்குள் திரை மாற்றித் தந்துவிடுவான். நாளைக்கு நாற்பது, ஐம்பது ட்யூப் வரும் ரூட்டுக்கு என் ஓட்டு போனுக்குத்தான்.

பெட்டியைத் திறக்காமலே எண்ணும் ஆர்.எஃப்.ஐ.டி. (ரேடியோ அலையில் படிக்கும் ஸ்டிக்கர்) பற்றியும் கேட்கிறார்கள். ரேடியோ அலையை நீர் விழுங்கும், எங்கள் பெட்டியில் இருப்பதோ முழுக்க ரத்தமும் ஜெல் பேக்கும். அந்தப் பக்கம் போகவில்லை.

எந்த ஸ்கேனும் பெட்டியின் சூட்டைச் சொல்லாது. பெட்டிக்குள் ஒரு தெர்மாமீட்டர் தனியாக இருக்கிறது, வாங்கும்போதும் இறக்கும்போதும் அதையும் பதிய வேண்டும். ட்யூப் வகை எண் இருப்பதால் ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சர் பாட்டிலை ஸ்கேன் செய்தவுடன் ‘ஐஸில் வைக்காதே’ என்று ஆப் சிவப்பில் காட்டும். இது நாங்கள் கேட்டு வாங்கிய வசதி.

பழைய நோட்டு இப்போதும் பெட்டி மூடியின் உள்பையில் இருக்கிறது. போன சாரல் சீசனில் தம்பியின் போன் நனைந்து அணைந்துபோனது. சேரன்மகாதேவியிலிருந்து லேப் வரை நோட்டில்தான் எழுதிக்கொண்டு வந்தான். பெயருக்குப் பதில் ஸ்டிக்கரில் இருந்த பத்து எண்ணையும், நேரத்தை 9.52, 10.17 என்றும் எழுதியிருந்தான்.