'தொடங்குபவர்களுக்கு ஏற்றது' என்று விற்ற ரோலர் ஸ்கீ: சில்லைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

ஒஸ்லோவில் ரோலர் ஸ்கீ (சில்லு, அதாவது சக்கரம், பூட்டிய பனிச்சறுக்குப் பலகை) வாங்க யோசிக்கும் நம்மவர்கள் யாராவது இருந்தால், கடைக்குப் போக முன் இதை ஒருதரம் வாசித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. கேட்டு மெசேஜ் போடவும் வேண்டாம்.

நாற்பத்தைந்து வயதில் பனிச்சறுக்கு பழகத் தொடங்கியவன் நான். அதிலும் ஸ்கேட்டிங் முறை, அதாவது இரண்டு பக்கமும் மாறிமாறி உதைத்துப் போவது. "அப்பா, ஏப்ரலில் நிறுத்திவிட்டு டிசம்பரில் திரும்பத் தொடங்கினால் ஒவ்வொரு வருஷமும் பூச்சியத்தில் இருந்துதான்" என்றாள் மகள். இங்கே கோடையில் அதற்கென்றே சில்லுப் பூட்டிய ஸ்கீயில் றோட்டில் ஓடுவார்கள். ரூலெஸ்கி என்பார்கள். சரி, நாமும் ஒன்று வாங்குவோம் என்று மே மாதம் தள்ளுபடி போட்டிருந்த கடை ஒன்றுக்குப் போனேன்.

விற்பனைப் பையன் நல்ல சிரித்த முகம். நான் மூன்று விஷயம் தெளிவாகச் சொன்னேன்: இதுவரை ரோலர் ஸ்கீயில் ஏறியதே இல்லை, எனக்கு இறக்கம் என்றால் பயம், அவசரம் எதுவும் இல்லை. அவன் ஒரு ஜோடியை எடுத்துத் தந்து, "இது தொடங்குபவர்களுக்கு ஏற்றது, கடைசி ஜோடி" என்றான். அலுமினியச் சட்டம், பைண்டிங் (சப்பாத்தை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் பூட்டு) பூட்டியபடியே இருந்தது. என் சப்பாத்து டக்கென்று பொருந்தியது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. பெட்டி எங்கே என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

முதல் நாள் சொங்ஸ்வான் கார் தரிப்பிடத்தில் சமதரையில் ஓடினேன். கால் விறைக்கிற அளவு அதிர்வு. அலுமினியத்தில் அப்படித்தான், கண்ணாடி இழைச் சட்டமோ மரச் சட்டமோ என்றால் கரடுமுரடான தாரிலும் கொஞ்சம் தாங்கும் என்று பிறகுதான் அறிந்தேன். ஆனால் அது பெரிய விஷயம் இல்லை. பெரிய விஷயம் இரண்டாம் நாள் மாரிடாலன் வீதியில் நடந்தது.

காரில் போனால் இறக்கம் என்றே தெரியாத ஓர் இறக்கம். ஸ்கீ தானாக வேகம் எடுக்கத் தொடங்கியது. ரோலர் ஸ்கீயில் பொதுவாகப் பிரேக் கிடையாது, தெரியும்தானே? முன்பக்கத்தை உள்ளே குவித்துக் கால்களை அகட்டி அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் ஓரப் புல்லில் ஏறிவிட வேண்டும். அகட்டிப் பார்த்தேன், நிற்கிற பாடில்லை. தடியை ஊன்றினால் வழுக்குகிறது. பனிக்குப் பாவிக்கும் தடியே போதும் என்றும் அந்தப் பையன்தான் சொல்லியிருந்தான். தாரில் பிடிக்கத் தடிக்கு வலுவான கார்பைட் (மிகக் கடினமான உலோகக் கலவை) முனை வேண்டும். அப்புறம் என்ன, புல்லுக்குள் பாய்ந்தேன். மணிக்கட்டு மூன்று கிழமை வீங்கிக் கிடந்தது. ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பியது. மனிசி இன்றைக்கும் அந்தக் கிழிந்த காற்சட்டையை எறியவிடாமல் வைத்திருக்கிறாள், நான் அடுத்த விளையாட்டைத் தொடங்கும்போது காட்டுவதற்காம்.

எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் இருக்கும் நோர்வேஜியக் கிழவர் முப்பது வருஷமாக ரோலர் ஸ்கீ ஓடுபவர். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஸ்கீயைத் தலைகீழாகப் பிடித்து, சில்லின் பக்கவாட்டில் இருந்த இலக்கத்தைத் தடவிப் பார்த்தார். 1.

இதுதான் விஷயம். சில்லு எல்லாம் ஒரே வேகத்தில் உருளுவதில்லை. இங்கே அதிகம் விற்பனையாகும் ஸ்கீகளில் 1 என்றால் வேகம், 2 நடுத்தரம், 3 மெது. (எண் முறை கம்பனிக்குக் கம்பனி மாறும், அதனால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.) ரப்பர் கலவையின் வித்தியாசம்தான், பார்வைக்கு எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே 100 மில்லிமீட்டர். பனியில் உரசல் இருக்கும், அதற்கு நெருக்கமான இழுவையைத் தருவது மெதுச் சில்லு. தசைக்கும் அதுதான் நல்ல பயிற்சி. இறக்கத்தில் உயிரைக் காப்பதும் அதுதான். மெதுச் சில்லு கிழவர்களுக்கு என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். வேகமான சில்லு பழகியவர்களுக்கு, அதுவும் போட்டிக்கு.

கிழவர் அதோடு விடவில்லை. இரண்டு ஸ்கீயையும் மேசையில் பக்கத்தில் வைத்து, "இது புதுசு என்றா வாங்கினாய்?" என்று கேட்டார். ஸ்கேட்டிங்கில் உள்விளிம்பால் உதைப்பதால் சில்லு ஒரு பக்கம் தேய்ந்து கூம்பு மாதிரி ஆகும். அதனால்தான் இடையிடையே இடது வலது மாற்றிப் பூட்டுவார்கள். என்னுடையது நாலுமே உள்பக்கம் சரிந்திருந்தன. இரண்டு நாள் ஓட்டத்தில் அப்படித் தேயாது. பைண்டிங்குக்குப் பின்னால் பழைய திருகாணித் துளை ஒன்று பசையால் அடைக்கப்பட்டிருந்தது. வாடிக்கையாளர்கள் ஏறிப் பார்க்கக் கொடுத்த ஜோடியைத் துடைத்துப் புதுசு என்று தள்ளிவிட்டிருக்கிறார்கள் என்பது அவர் முடிவு. என் முடிவும் அதுதான்.

கடைக்குப் போனேன். "பாவித்த பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம்" என்றார்கள். இங்கேதான் பலபேர் திரும்பி வந்துவிடுவார்கள், நானும் முதல் தடவை வந்துவிட்டேன். இணையத்தில் வாங்கினால்தான் மனம் மாறித் திருப்பிக் கொடுக்க 14 நாள் சட்டப்படி உண்டு, கடையில் நேரே வாங்கினால் இல்லை, உண்மைதான். ஆனால் நான் மனம் மாறவில்லையே. சொன்ன பொருள் தரப்படவில்லை. அது ரெக்லமஷோன், குறைபாட்டு முறைப்பாடு. அதற்கு நோர்வேயில் குறைந்தது 2 வருஷம் உண்டு. சில்லு, துளை, பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் படம் எடுத்து, பையனிடம் நான் சொன்ன மூன்று விஷயத்தையும் எழுதி மின்னஞ்சல் அனுப்பினேன். முதலில் கூப்பன் தருகிறோம் என்றார்கள். மறுத்தேன். ஐந்து கிழமை இழுத்தடித்துப் பாதிப் பணம் தந்தார்கள், ஸ்கீயை நானே வைத்துக்கொள்ளலாமாம். முழுப் பணத்துக்கும் நின்றிருக்கலாம். மணிக்கட்டு வலியில் பொறுமை போய்விட்டது.

அந்தப் பணத்தில் 3ஆம் எண் சில்லு நாலும், தடிக்குக் கார்பைட் முனையும் வாங்கினேன். பைண்டிங் விஷயத்தில் மட்டும் எனக்கு அதிர்ஷ்டம். பைண்டிங்கில் எஸ்.என்.எஸ்., என்.என்.என். என்று வேறுவேறு வகை உண்டு. பழைய எஸ்.என்.எஸ். சப்பாத்து வைத்திருப்பவர்கள் கவனம், அது என்.என்.என். பைண்டிங்கில் ஏறாது. சப்பாத்தையும் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். அப்படியே ஸ்கீயைத் தலைகீழாகத் திருப்பிச் சில்லின் இலக்கத்தையும் பாருங்கள், விரலால் சில்லின் இரண்டு விளிம்பையும் தடவுங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இப்போது ஞாயிறு காலையில் கிழவரோடு போகிறேன். ஏற்றத்தில் அவர்தான் முன்னால். ஹோல்மென்கொல்லன் சுற்றுக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். அங்கே இறக்கம் அதிகம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றுவிட்டார்.