கோர்ட் வேலைக்கு வீடியோ எடுப்பவர்: சேலத்தில் சில வருட அனுபவம்

சேலத்தில் சிவில் வழக்குகளும் விபத்து இழப்பீட்டு வழக்குகளும் நடத்துகிறேன். மருத்துவப் பரிசோதனைக்கும், கோர்ட் நியமிக்கும் கமிஷனர் கோர்ட்டுக்கு வெளியே சாட்சியம் பதியும் கமிஷன் விசாரணைக்கும் தனியாக வீடியோகிராபர் வைப்பது எங்கள் அலுவலகத்தில் சில வருடங்களாகவே வழக்கம். "எதுக்கு சார் தண்டச் செலவு, செல்போன்லயே எடுத்துடலாமே" என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதி வைக்கிறேன்.

இதற்கெல்லாம் சட்டத்தில் இடமிருக்கிறதா என்று கேட்டால் கொஞ்சம் ஊர்ப் பெருமையோடே பதில் சொல்லலாம். சிவில் நடைமுறைச் சட்டத் திருத்தங்களை எதிர்த்துச் சேலம் வழக்கறிஞர் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போனது. திருத்தங்கள் செல்லும் என்றே தீர்ப்பானது. ஆனால் அதே 2002 தீர்ப்பில்தான், கமிஷனர் சாட்சியம் பதியும்போது கூடவே ஒலிப்பதிவாவது செய்துகொள்வது நல்லது, பின்னால் தகராறு வராது என்றும் சொன்னார்கள். அந்தச் சட்டத்தின் ஆணை 18, விதி 4-ல் எழுத்திலோ இயந்திரம் மூலமாகவோ பதியலாம் என்று இருக்கிறது. அதற்குச் சொன்ன விளக்கம் அது.

ஆரம்பத்தில் கல்யாண வீடியோ எடுப்பவர்களைத்தான் கூப்பிட்டோம். கைத்திறமைக்குக் குறைவில்லை, அதுதான் தொல்லையாகிவிட்டது. சாட்சி யோசிக்கும் நேரத்தில் கேமரா ஜன்னல் பக்கம் போய்விடும். குறுக்கு விசாரணை சூடு பிடித்தால் வக்கீல் முகத்துக்கு ஜூம். ஒருவர் பரிசோதனை வீடியோவில் இருமல், இடைவெளி எல்லாவற்றையும் வெட்டி, பார்க்க லட்சணமாகக் கொடுத்தார். "வெட்டின இடத்துல என்ன இருந்துச்சு?" என்று எதிர்தரப்பு கேட்டதோடு அந்த வீடியோவின் கதை முடிந்தது. இன்னொரு சங்கடம் கேமராவிலேயே இருக்கிறது. பழைய ஸ்டில் கேமராக்கள் பல 29 நிமிடம் 59 விநாடியில் தானாக நின்றுவிடும். அரை மணி நேரம் ஓடினால் அதை வீடியோ கேமரா என்று கணக்கிட்டு ஐரோப்பாவில் அப்போது கூடுதல் சுங்க வரி போட்டார்கள் என்பதால் வைத்த வரம்பு. ஐரோப்பிய வரிக்குப் பயந்து சேலத்துச் சாட்சியின் வாக்கியம் பாதியில் நிற்கிறது!

இப்போது வருபவர் வேறு ரகம். பழைய கேம்கார்டர்தான், ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு மெமரி கார்டிலும் பதிவாகும். சாட்சி சட்டையில் ஒரு மைக், மேஜையில் ஒன்று. காதிலிருந்து ஹெட்போனை எடுக்கவே மாட்டார். தொடங்கும்போது தேதி, நேரம், இடம், யார் யார் இருக்கிறார்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பதிவு செய்கிறார். அமெரிக்காவில் சிவில் நடைமுறை விதி 30-ன்படி டெபொசிஷன் (கோர்ட்டுக்கு வெளியே சாட்சியம் பதிவது) இப்படித்தான் தொடங்க வேண்டும். சாட்சியின் தோற்றமோ நடத்தையோ மாறித் தெரிகிற மாதிரி எடுக்கக் கூடாது என்றும் அந்த விதி சொல்கிறது. இங்கே யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நாங்களாக எடுத்துக்கொண்டோம்.

இதனால் கண்ணுக்குத் தெரிந்த பலன் கிடைத்தது ஒரு கொலுசுப் பட்டறைத் தொழிலாளி வழக்கில். செவ்வாய்ப்பேட்டைக்காரர், வலது கைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் அடி. ஊனச் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறன் குறைவது வேறு என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் காகிதத்தில் அதைக் காட்டுவது கஷ்டம். டாக்டர் குறிப்பில் இருந்தது 'பிடிப்புத் திறன் குறைவு' என்ற ஒரு வரி. வீடியோவில், மேஜையில் கிடந்த கொலுசு வளையம் ஒன்றை எடுக்கச் சொல்கிறார் டாக்டர். மனிதர் இரண்டு முறை கிள்ளிப் பார்க்கிறார், வழுக்குகிறது. பிறகு உள்ளங்கையால் மேஜை விளிம்பு வரை தள்ளிக்கொண்டு போய், கீழே விழும்போது இடது கையில் ஏந்துகிறார். அப்புறம் எங்கள் வாதத்துக்கு அதிகம் தேவைப்படவில்லை.

டாக்டர்களைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. கேமரா என்றாலே நமக்கு எதிராக என்று நினைக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. டாக்டர், நோயாளி இருவரிடமும் முன்பே எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுகிறோம். உடை களைய வேண்டிய இடத்தில், காரணத்தையும் நேரத்தையும் சொல்லிவிட்டுப் பதிவை நிறுத்தி, மறுபடி தொடங்கும்போதும் சொல்கிறார் வீடியோகிராபர். பெண் நோயாளி என்றால் பெண் வீடியோகிராபர் வேண்டும். இந்த வேலை தெரிந்தவர் எங்களுக்கு இன்னும் அமையவில்லை, பெண் ஜூனியரே கேமராவைப் பார்த்துக்கொள்கிறார்.

கமிஷன் விசாரணையில் மறக்காதது ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டப் பாகப்பிரிவினை வழக்கு. எதிர்தரப்புச் சாட்சி படுக்கையில் இருந்த பெரியவர், 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி கோர்ட்டுக்கு வர முடியாது. தகரக் கூரை, மழை பிடித்துக்கொண்டது, கரண்டும் போனது. மேஜை மைக்கில் மழை மட்டும்தான் இருந்தது. சட்டை மைக்கும் பேட்டரியும் காப்பாற்றின. கையெழுத்தைக் காட்டி "இது உங்களோடதாங்கய்யா?" என்று கேட்டபோது, அவர் வாசற்படியில் நின்ற மகனைப் பார்த்துவிட்டு "ஆமா" என்றார். தட்டச்சுப் பிரதியில் இருப்பது 'ஆம்' மட்டும். கேமரா கொஞ்சம் தள்ளியே நின்றதால் வாசற்படியும் படத்தில் இருந்தது. கமிஷனர் மகனை வெளியே போகச் சொன்னதும் பதிவாகியிருக்கிறது. சாட்சியின் நடத்தை பற்றி கமிஷனர் குறிப்பு எழுத விதியிலேயே இடமுண்டு, அந்தக் குறிப்புக்கு இதைவிடத் துணை வேண்டாம்.

குறைகளும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய சட்டம், பிரிவு 63-ன்படி மின்னணுப் பதிவோடு தர வேண்டிய சான்றிதழ் இரண்டு பகுதி: ஒன்றை நாம் தருவது, மற்றதை நிபுணர் தருவது. ஹாஷ் மதிப்பை (கோப்பு பின்னால் மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும், கைரேகை மாதிரியான எண்) எங்கள் வீடியோகிராபர் அந்த இடத்திலேயே எடுத்துக் கமிஷனர் குறிப்பில் எழுத வைத்துவிடுகிறார், அதில் குறையே இல்லை. நிபுணர் பகுதிக்கு ஆள் தேடுவது நம் தலையில்தான். அசல் கார்டை உறையிலிட்டு ஒப்படைத்தால் அதன் விலையும் பில்லில் ஏறும். காப்பி கேட்டால் 'நாளைக்கு சார்' என்பார், அந்த நாளைக்கு ஒரு வாரமாகும். எந்தக் கேள்வி எத்தனையாவது நிமிடம் என்ற பட்டியலையும் அவர் தருவதில்லை. மூன்று மணி நேர வீடியோவை உட்கார்ந்து பார்க்க எந்த நீதிபதிக்கு நேரமிருக்கிறது? பட்டியலை நாங்களே போடுகிறோம்.

எல்லா வழக்குக்கும் கூப்பிடுவதில்லை. எலும்பு கூடிவிட்டது, எக்ஸ்ரே பேசும் என்றால் வேண்டாம். விரல், முட்டி, தண்டுவடம், வயதான சாட்சி, மலைமேல் சாட்சி என்றால் யோசிக்காமல் வைத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இவரும் இன்னும் கல்யாணம் எடுப்பவர்தான். தை, ஆவணி முகூர்த்தங்களில் போனையே எடுக்க மாட்டார். முடிந்தால் கமிஷன் தேதியை ஆடியிலோ மார்கழியிலோ வாங்கிக்கொள்ளுங்கள்.