புதுப்பித்த படகு மேல்தளம்: சில ஆண்டுகள் கழித்து

மிதித்தால் அமுங்கிக்கொண்டிருந்த பைபர்கிளாஸ் மேல்தளத்தைப் பிரித்து மறுபடி கட்டிச் சில ஆண்டுகள் ஆகின்றன. வெயிலும் உப்புநீரும் அதைப் போதுமான அளவு சோதித்துவிட்டன. வாங்கிய பொருள்களில் எது பணத்துக்கு நியாயம் செய்தது என்று இப்போது சொல்ல முடியும்.

மேலும் கீழும் மெல்லிய கண்ணாடியிழைத் தோல், நடுவே எடை குறைந்த ஒரு பலகை: மேல்தளம் அவ்வளவுதான். தோல்களை விலக்கி நிறுத்தி விறைப்புத் தருவது நடுப்பலகை. அதனால் எல்லோரும் முதலில் கேட்பதும் அதைப் பற்றித்தான். பால்சா என்ற எடை குறைந்த மரமா, பிளைவுட்டா, நுரையா?

நான் எடுத்தது மூடிய நுண்ணறைகள் கொண்ட பிவிசி நுரை. கன மீட்டருக்கு 80 கிலோ. பால்சா ஏறக்குறைய 150 கிலோ, பிளைவுட் 500-க்கும் மேல். கடல்தரப் பிளைவுட் என்றாலும் நீரைத் தாங்குவது அதன் பசைதான். மரம் மரம்தான், ஈரம் தங்கினால் மட்கும். கட்டடங்களில் வெப்பக் காப்புக்கு வைக்கும் பாலிஸ்டைரீன் நுரை மலிவு என்று யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். கண்ணாடியிழையை நனைத்து இறுக வைக்கும் பாலியஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவம் அதைக் கரைத்துவிடும்.

பின்பகுதியில் பழைய பால்சா காய்ந்து உறுதியாக இருந்ததால் அதில் கை வைக்கவில்லை. ஆகவே ஒரே படகில் இரண்டும் இருக்கின்றன. இன்றுவரை காலடியில் வேறுபாடு தெரியவில்லை. சுத்தியல் பிடியால் தட்டினால் இரண்டு பக்கமும் கணீரென்றுதான் ஒலிக்கிறது. பால்சாவைத் திட்டுபவர்கள் பெரும்பாலும் திட்ட வேண்டியது அதைத் துளைத்த திருகாணிகளை. சரியாக அடைக்காத ஒவ்வொரு துளையும் நடுப்பலகைக்குள் தண்ணீர் இறங்கும் வாசல்.

இதனால் நுரையைவிட அதிகம் யோசித்தது துளைகளுக்காக. கயிறு கட்டும் கிளீட்டுகளின் அடியில் நுரையை முழுக்க எடுத்துவிட்டு, கண்ணாடியிழையை அடுக்கடுக்காக எபாக்ஸி என்ற இன்னொரு வகை ரெசினில் வைத்துக் கெட்டியாக நிரப்பினேன். போல்ட்டை முறுக்கும்போது அங்கே நசுங்க எதுவும் இல்லை. சிறிய பொருத்துகளுக்குத் துளையைப் பெரிதாகப் போட்டு, தடிப்பாக்கிய எபாக்ஸியை அடைத்து, காய்ந்தபின் நடுவே மறுபடி துளைத்தேன். சலிப்பூட்டும் வேலை. ஆனால் கழற்றிப் பார்த்த ஒரு போல்ட்டின் அடியிலும் ஈரம் இல்லை. நீர் கசியாமலிருக்கப் போல்ட்டைச் சுற்றி வைத்த பியூட்டைல் நாடா இன்னும் மெத்தென்று இருக்கிறது; கடும் வெயிலில் கொஞ்சம் பிதுங்கும், வழித்துவிட்டால் போதும். என்றாவது கழற்ற வேண்டிய பொருத்துக்கு நிரந்தரப் பாலியூரித்தேன் பசையைப் போடுபவர்களின் துணிச்சல் எனக்கில்லை.

ரெசினில் எபாக்ஸிக்குச் செலவழித்ததில் வருத்தமில்லை. காய்ந்த பழைய பரப்பில் பாலியஸ்டரைவிட அது உறுதியாகப் பற்றும். கட்டுப்பாடுகளும் உண்டு. கலவை விகிதம் பிசகக் கூடாது. சீக்கிரம் இறுக வேண்டும் என்று, ரெசினோடு கலக்கும் ஹார்டனரைக் கூட்டினால் அரைகுறையாகவே இறுகும். சில வகைகளில் காய்ந்தபின் மேலே மெழுகு போன்ற படலம் வரும். தேய்ப்பதற்கு முன் அதைத் தண்ணீரால் கழுவ வேண்டும். நறுக்கிய இழைகளைத் தூவிச் செய்த மேட் வகையை எபாக்ஸியோடு வாங்க வேண்டாம். அதன் ஒட்டுப்பொருள் பெரும்பாலும் ஸ்டைரீனில் கரைவதற்காகவே செய்யப்படுவது. எபாக்ஸியில் அது விறைத்து நிற்கும். தையலிட்ட இருதிசைக் கண்ணாடியிழைத் துணி வளைவுகளிலும் படிந்து உட்கார்ந்தது.

குறை சொல்ல வேண்டியது வளைவுக்காகக் கீறல் போட்ட நுரைப்பலகையைப் பற்றி. எளிதாக வளையும், உண்மைதான். ஆனால் வளைந்தபின் கீறல்கள் விரியும்; ஒவ்வொன்றையும் ரெசின் பசையால் நிரப்பியாக வேண்டும். நிரப்பினால் எடை கூடும். விட்டுவிட்டால் உள்ளே வரும் நீர் ஓடக் கால்வாய் வெட்டிக் கொடுத்ததாகும். முன்பகுதியின் மெல்லிய வளைவுக்குக் கீறலில்லாத பலகையே மணல்மூட்டை எடையில் படிந்துவிட்டது. கீறல் பலகை இனி எனக்குத் தேவைப்படாது.

மேலே வெளிர்நிறப் பாலியூரித்தேன் பெயின்ட். புற ஊதா ஒளியில் எபாக்ஸி சுண்ணாம்புபோல் உதிரும் என்பதால் ஏதாவது ஒரு பூச்சு கட்டாயம். அடர்நிறம் அழகுதான், ஆனால் வெயிலில் அந்தத் தளம் கொதிக்கும், சூட்டில் எபாக்ஸியும் நுரையும் இளகத் தொடங்கும். வழுக்காமலிருக்கக் கலந்த மணித்துகள் மட்டும் நடமாட்டம் மிகுந்த இடங்களில் தேய்ந்துவிட்டது. அடுத்த பூச்சுக்குக் கொஞ்சம் பெரிய துகளாக வாங்கி வைத்திருக்கிறேன்.