பருத்தி நூற்கத் தக்ளி, புரி முறுக்க மரக்கதிர்: ஒரு கை நூற்புத் தொகுப்பு எப்படி?

அட்டைப்பெட்டிக்குள் நான்கு சாமான்: பித்தளை வில்லை வைத்த தக்ளி (கிண்ணத்தில் ஊன்றிச் சுழற்றும் சிறு நூற்புக் கதிர்), சுமார் 45 கிராம் எடையுள்ள மரக்கதிர் (நூலில் தொங்கிச் சுழல்வது), 50 கிராம் பஞ்சுப் பட்டை (நூற்கத் தயாராகச் சீவிய பஞ்சு), ஒரு செய்முறைத் தாள். தக்ளி அருமை. தாளைக் கிழித்துப் போடலாம்.

மரக்கதிரைத் தொங்கவிட்டு நூற்கத் தொடங்குங்கள் என்கிறது தாள். நீள இழைக் கம்பளிக்கு அது சரி. பருத்தி இழை பெரும்பாலும் ஓர் அங்குலத்தை ஒட்டித்தான் இருக்கும். முறுக்கு ஏறும் முன்பே கதிரின் எடை இழைகளைப் பிரித்துவிடும், கதிர் தரையில் கிடக்கும். தக்ளியின் முனை கிண்ணத்தில் ஊன்றி நிற்பதால் நூல் எந்தச் சுமையையும் தாங்க வேண்டியதில்லை. கைத்தொழில் வழியே கற்பிக்கக் காந்தி முன்வைத்த 1937 வார்தா கல்வித் திட்டம் பள்ளிப் பிள்ளைகளின் கையில் தக்ளியைக் கொடுத்தது சும்மா இல்லை.

வந்ததும் தக்ளியை எவர்சில்வர் கிண்ணத்தில் சுழற்றிப் பாருங்கள். வில்லையின் விளிம்பு அதிராமல் ஒரே கோடாகத் தெரிந்தால் நல்லது. தள்ளாடினால் திருப்பி அனுப்புங்கள். தண்டின் உச்சியில் உள்ள வெட்டில் பிசிறு இருந்தால் நூலை அறுக்கும். மெல்லிய உப்புத்தாளை மடித்து நாலு இழுப்பு இழுத்தால் போதும்.

பட்டைதான் ஏமாற்றம். பெட்டிக்குள் அமுக்கி அடைத்ததால் இழைகள் ஒட்டிக் கிடக்கின்றன. நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து, உதறித் தளர்த்திக்கொள்ள வேண்டும்.

வில்லைக்கு மேல் ஒரு முழப் பழைய நூலைக் கட்டி, உச்சி வெட்டில் மாட்டுங்கள். வலது கை தக்ளியைச் சுண்ட, இடது கை பட்டையைப் பூப்போலப் பிடித்து மெல்லப் பின்னால் போக வேண்டும். இறுக்கிப் பிடித்தால் இழை நழுவாது, நூல் அறும். முறுக்கு முதலில் மெலிந்த இடத்துக்குத்தான் ஓடும். தடித்த இடம் தளர்வாகவே இருக்கும்; அந்த நேரத்தில் இன்னும் கொஞ்சம் இழுத்தால் அது தானே மெலியும். பிறகு கடைசி முறுக்கை ஏற்றி வில்லையை ஒட்டிச் சுற்றுங்கள். நூல் பிரிந்து போனால் முறுக்குப் போதவில்லை. தளர விட்டதும் சுருண்டு குடுமி போட்டால் மிஞ்சிவிட்டது. அறுந்தால் முடிச்சு வேண்டாம். நுனியை விரித்து 3 செ.மீ. பட்டை மேல் படியவிட்டுச் சுழற்றுங்கள்.

மரக்கதிருக்கு வேலை வருவது இதற்குப் பிறகுதான். ஒற்றை நூல் இரண்டைச் சேர்த்து ஒரே உருண்டையாக இறுக்கமாகச் சுற்றி, நூற்ற திசைக்கு எதிராக மரக்கதிரில் முறுக்கினால் இரட்டைப் புரி. இங்கே அந்த எடை உதவுகிறது: இரண்டு நூலும் ஒரே இழுவிசையில் நிற்கும். ஒரு நூல் தளர்ந்தால் அது மற்றதைக் கொடிபோலச் சுற்றிவிடும், பிறகு சரிசெய்ய முடியாது. முறுக்குச் சரியா என்று பார்க்க, ஒரு சாண் புரி நூலை வளையமாகத் தொங்கவிட்டால் தானே முறுக்கிக்கொள்ளாமல் விரிந்து நிற்க வேண்டும். ஒரு நாள் ஆறிய நூலென்றால் நனைத்துவிட்டுப் பாருங்கள். காய்ந்த நூலில் முறுக்கு அடங்கிக் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது.

நூலைச் சிட்டமாக்கி (பெரிய வளையமாகச் சுற்றி) நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, ஒரு கரண்டி சலவைச் சோடா போட்ட நீரில் அரை மணி நேரம் கொதிக்க வையுங்கள். பஞ்சின் மெழுகு கரைந்து நீர் பழுப்பாகும், முறுக்கும் நிலைக்கும்.

10 எண் நூலாக (எண் கூடக் கூட நூல் மெலிது) நூற்றால் ஒரு கிராமுக்குச் சுமார் 17 மீட்டர் வரும். 50 கிராம் பட்டையில் இரட்டைப் புரி 400 மீட்டரை ஒட்டிக் கிடைக்கும். கைக்குட்டை நெய்யலாம், சட்டைக்குப் போதாது. தக்ளி மட்டும் தனியாகக் கிடைத்தால் அதை வாங்கிக்கொண்டு, அமுக்காத பட்டையைக் கதர் நூற்பு நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.