கார்வெட் சி8, லம்போர்கினி ஹுராகான்: கூடுதல் இரண்டு லட்சம் டாலர் எங்கே போகிறது?

நான் டெக்சாஸின் ஆஸ்டினில் ஓட்டிக்கொண்டிருப்பது 2020 மாடல் செவ்ரலே கார்வெட் சி8, அதாவது எட்டாம் தலைமுறை கார்வெட். இசட்51 எனும் செயல்திறன் தொகுப்பு, சாலைக்கேற்ப இறுக்கம் மாறும் காந்த சஸ்பென்ஷன், மூக்கைத் தூக்கும் வசதி, நடுத்தர உள்அலங்காரம் எல்லாம் சேர்த்து 75,000 டாலரைச் சற்றுத் தாண்டியது. சான் அன்டோனியோவில் எனக்கு மூத்த நண்பர் ஒருவர் இருக்கிறார், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் லம்போர்கினி ஹுராகான் ஈவோ. அதன் ஆரம்ப விலையே அப்போது 2,60,000 டாலருக்கு மேல். அவ்வப்போது சாவியை மாற்றிக்கொள்வோம், சில சமயம் வார இறுதி முழுக்க. அதனால் இரண்டையும் சாலையில் மட்டுமல்ல, கடை வாசலிலும் பெட்ரோல் பங்கிலும் மழையிலும் பார்த்தாயிற்று. "அவ்வளவு காசுக்கு அதில் என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்களுக்கு ஒரே வரியில் பதில் சொல்ல வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

வேகத்தை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். இசட்51 போட்ட கார்வெட் பூஜ்யத்திலிருந்து 60 மைல் வேகத்தை 2.9 விநாடியில் தொடும் என்கிறது செவ்ரலே. ஹுராகான் ஈவோ 100 கிலோமீட்டர் வேகத்துக்கு எடுக்கும் நேரமும் அதே 2.9 என்கிறது லம்போர்கினி. கார்வெட்டில் எட்டு சிலிண்டர் கொண்ட 6.2 லிட்டர் வி8 இன்ஜின், 495 குதிரைத்திறன், ஹுராகானில் பத்து சிலிண்டர் கொண்ட 5.2 லிட்டர் வி10, 631 குதிரைத்திறன், நான்கு சக்கர இழுவை. 100 மைலைத் தாண்டினால் ஹுராகான் நழுவிப் போய்விடும், உண்மைதான். ஆனால் அங்கே போக இடம் எங்கே? ஆஸ்டினுக்கும் செகினுக்கும் இடையே எஸ்எச்130 சாலையில் மணிக்கு 85 மைல் வேகம் வரை போகலாம். அமெரிக்காவிலேயே அதுதான் அதிகபட்ச வரம்பு. என் காரின் எட்டு கியரில் மூன்றாவது முடியும்போது கிட்டத்தட்ட அந்த வேகத்துக்கு வந்துவிடுகிறது. மீதி ஐந்து கியரும் பெட்ரோல் மிச்சப்படுத்தத்தான். அலுவலகத்தில் ஒரு தம்பி டெஸ்லா மாடல் 3 பெர்ஃபார்மன்ஸில் வருகிறான். சிக்னலில் எங்கள் இருவருக்குமே அவன் சளைத்தவன் இல்லை, அதுவும் சத்தமே போடாமல்.

அண்ணனிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். "வேகத்துக்காகவாடா இதை வாங்கினேன்? வேகம் வேணும்னா அந்த டெஸ்லாவையே வாங்கியிருப்பேனே" என்பார்.

அவர் எதற்கு வாங்கினார் என்பது ஓட்டினால் புரியும். டெக்சாஸ் ஹில் கண்ட்ரியில், லீக்கி ஊரைச் சுற்றி 335, 336, 337 என்று மூன்று சாலைகள் இருக்கின்றன. 'ட்விஸ்டட் சிஸ்டர்ஸ்' என்பார்கள். குன்றுகளுக்கு இடையே வளைந்து வளைந்து போகும். 337-இல் ஹுராகானை இரண்டாவது கியரில் வைத்து நிமிடத்துக்கு 8,000 சுற்று வரை ஏற்றியபோதுதான் பணம் எங்கே போயிருக்கிறது என்று எனக்கு விளங்கியது. காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ இல்லாத வி10. மிதியைத் தொட்டால் உடனே பதில். 4,000-இல் உறுமல், 6,000-இல் வேறொரு குரல், அதற்கு மேலே போனால் கழுத்துக்குப் பின்னால் மயிர் சிலிர்க்கும். கார்வெட்டின் வி8 நல்ல இன்ஜின்தான், கீழ்ச் சுற்றுகளிலேயே தள்ளும், ஓட்டுவதற்கு எளிது. ஆனால் 6,500-ஐ நெருங்கும்போது அதற்குச் சொல்ல வேறெதுவும் மிச்சமில்லை. சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டியரிங் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் வித்தியாசம் இரண்டு லட்சம் டாலருக்குப் பக்கத்தில்கூட வராது. இன்ஜினை மட்டும் ஒப்பிட்டால் அந்தத் தொகை அவ்வளவு பைத்தியக்காரத்தனமாகத் தெரிவதில்லை.

மழை இன்னொரு விஷயம். இங்கே வசந்தகாலத்தில் வானம் திடீரென்று கொட்டும். நான்கு சக்கர இழுவையோடு ஹுராகான் நிதானமாகப் போகும். கார்வெட்டில் பின்சக்கரம் மட்டும்தான் தள்ளுகிறது, அதனால் என் வலது கால் தானாகவே அடங்கிவிடும். குளிரிலும் அப்படியே. இசட்51-உடன் வருவது கோடைக்கால டயர். 2021 பிப்ரவரியில் டெக்சாஸே உறைந்துபோனபோது வண்டி கேரேஜை விட்டு அசையவில்லை.

தினசரிப் புழக்கத்தில் கதை தலைகீழாகிறது. கார்வெட்டில் முன்னும் பின்னும் சேர்த்து 12.6 கன அடி இடம். பின்னால் இரண்டு கோல்ஃப் பைகள் போகும். எனக்கு கோல்ஃப் தெரியாது, அந்த இடத்தில் 20 பவுண்டு சோனா மசூரி மூட்டையும் வாரத்துக்கான காய்கறியும் போகின்றன. பின்பெட்டி இன்ஜினை ஒட்டி இருப்பதால் கொஞ்சம் சூடாகும், எனவே தயிரும் கீரையும் முன்பெட்டிக்கு. ஹுராகானில் மூக்குப் பக்கம் இருக்கும் சின்னக் குழியோடு சரி. ஒரு இரவுக்கான துணிப்பை வைத்தால் நிறைந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த மூக்குத் தூக்கும் வசதி. பொத்தானை அழுத்தினால் முன்பக்கம் 40 மில்லிமீட்டர் உயரும், மூன்று விநாடிகூட ஆகாது. அதைவிட, ஜிபிஎஸ் வழியாக ஆயிரம் இடங்களை நினைவில் வைத்துக்கொள்ளும். என் வீட்டுச் சரிவு, கோயில் வாசலில் இருக்கும் வேகத்தடை, மளிகைக் கடை நுழைவு என்று ஒவ்வொன்றையும் ஒரு முறை பதிந்துவைத்தால் போதும், அடுத்த முறை தானாகவே தூக்கிக்கொள்ளும். பணக்கார கார்கள் கேட்கும் விலையில் இப்படியொரு எளிய புத்திசாலித்தனம் கிடைத்தால் மகிழ்ச்சியோடு கொடுப்பேன். சென்னையில் என் தம்பி வீட்டுத் தெரு ஞாபகம் வருகிறது. அங்கே அந்த ஆயிரமும் ஒரே மாதத்தில் நிரம்பிவிடும்.

எரிபொருள் பற்றி இங்கே தமிழ்ச் சங்க விழாக்களில் நிச்சயம் கேட்பார்கள். யாரும் குதிரைத்திறன் கேட்டதில்லை. "மைலேஜ் எவ்வளவு தம்பி?" என்பதுதான் முதல் கேள்வி. அரசு மதிப்பீட்டில் 2020 கார்வெட் நகரத்தில் கேலனுக்கு 15 மைல், நெடுஞ்சாலையில் 27. நெடுஞ்சாலைக் கணக்கு நிஜத்திலும் ஏறக்குறைய வருகிறது, நிதானமாகப் போகும்போது நான்கு சிலிண்டர்கள் ஓய்வெடுத்துக்கொள்வதால். ஹுராகான் பக்கம் இந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பதே மரியாதை.

அப்புறம் மற்றவர்களின் கண். கார்வெட்டை நிறுத்தினால் வயதான அமெரிக்கர்கள் வந்து, தாங்கள் 1967-இல் வைத்திருந்த பழைய கார்வெட் ஸ்டிங் ரேயைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவார்கள். அது 1953 முதல் அவர்கள் ஊர்க் கார். நானும் சொந்தக்காரன் ஆகிவிட்ட மாதிரி இருக்கும். ஹுராகானை நிறுத்தினால் பேச மாட்டார்கள், போனை எடுப்பார்கள். ஐ-35 நெடுஞ்சாலையில் படம் பிடிக்க ஒட்டிக்கொண்டே வந்த பிக்கப் ஒன்று என் பாதைக்குள் பாதி நுழைந்துவிட்டது. அது என் கார்கூட இல்லை. அன்றிரவு அண்ணனிடம் சாவியைக் கொடுக்கும் வரை தோள்பட்டை இறுகியே இருந்தது. அவருக்கோ அந்தப் பார்வைகள் பிடிக்கும், மறைக்கவும் மாட்டார். அவர் கொடுத்த காசில் ஒரு பங்கு அதற்குத்தான், அதில் தப்பொன்றும் இல்லை. எனக்கு அது செலவுக் கணக்கில் வருகிறது, அவருக்கு வரவுக் கணக்கில்.

இனி மறுவிற்பனை. வாங்கும் விலையை மட்டும் பார்ப்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். கார்வெட்டுக்கு ஆரம்பத்தில் ஏகப்பட்ட தட்டுப்பாடு. ஒரு விற்பனையாளர் பட்டியல் விலைக்கு மேல் 20,000 டாலர் கேட்டார், நான் வேறு இடத்தில் வரிசையில் நின்றேன். கென்டக்கியின் பௌலிங் கிரீன் ஆலையில் உற்பத்தி பெருகியதும் அந்தக் கிராக்கி கரைந்தது. 2023 மாடலில் மட்டும் 50,000-க்கு மேல் செய்தார்கள். 2014-இல் வந்த ஹுராகானோ 20,000-ஆவது வண்டியைத் தொட்டது 2022-இல்தான். 2024-உடன் அந்த வி10-உம் முடிந்துவிட்டது. அடுத்து வந்த டெமராரியோவில் இருப்பது டர்போவும் மின்மோட்டாரும் சேர்ந்த வி8. அதனால் அண்ணன் போட்ட பணத்தில் பெரும்பகுதி விற்கும்போது திரும்பி வரலாம். ஆனால் அதுவரை அத்தனை பணமும் கேரேஜில் முடங்கிக் கிடக்க வேண்டும். கூடவே ஓடும் மைலுக்கு வரம்பு போட்ட காப்பீடு. பந்தயப் பாதைக்குப் போனால் தேயும் கார்பன் செராமிக் பிரேக்கை மாற்றுவது ஐந்து இலக்கச் செலவு. சர்க்யூட் ஆஃப் தி அமெரிக்காஸ் என்ற பந்தயப் பாதை எங்கள் ஊரிலேயே இருக்கிறது, 20 வளைவுகள், முதல் வளைவுக்கு முன்னால் ஒரு பெரிய ஏற்றம். நான் சாதாரண இரும்பு டிஸ்க் பிரேக்கோடு கவலையில்லாமல் ஓட்டிவிட்டு வருவேன். அண்ணன் பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்து காபி குடிப்பார்.

இந்தக் கணக்கையெல்லாம் குலைத்துப்போட்டது 2023-இல் வந்த கார்வெட் இசட்06. டர்போ இல்லாத 5.5 லிட்டர் வி8, 670 குதிரைத்திறன், 8,600 சுற்று, அப்போதைய ஆரம்ப விலை சுமார் 1,06,000 டாலர். தெரிந்தவர் ஒருவருடைய வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டினேன். ஹுராகானில் எனக்குப் பிடித்திருந்த அந்த ஒன்று, பாதி விலைக்கும் குறைவாக, இதில் இருந்தது. வி10-இன் இனிமை இல்லை, கொஞ்சம் கரகரப்பு, ஆனால் அதே சிலிர்ப்பு. அண்ணனும் ஓட்டிப் பார்த்தார். இறங்கி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "இன்ஜின் சரிதான், ஆனா திரும்பிப் பார்க்கத் தோணலையே" என்றார். அவர் சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை. ஹுராகானை நிறுத்திவிட்டு நடக்கும்போது நானும் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

என் கணக்கில், சாலையில் ஓட்டுவதற்கு மட்டும் என்றால் சாதா சி8-க்கு மேல் கொடுக்கும் டாலர் எதுவும் வேகத்துக்கோ வசதிக்கோ போவதில்லை. இன்ஜினின் குரலுக்காக ஏங்குபவர்கள் இசட்06 வரை போகலாம். அதையும் தாண்டினால் கொடுப்பது உருவத்துக்கும் அரிதான தன்மைக்கும். பழைய சி8 தேடுகிறவர்கள் இசட்51, காந்த சஸ்பென்ஷன், மூக்குத் தூக்கி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள்; தோல் அலங்காரத்துக்குக் கூடுதல் காசு வேண்டாம். முதல் 7,500 மைலில் கியர்பெட்டி ஃபில்டர் மாற்றிய ரசீதைக் கட்டாயம் கேளுங்கள். பழைய ஹுராகான் என்றால் பிரேக் தேய்மான அளவையும் டயர் தயாரான வருடத்தையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். மைல் குறைவாக ஓடிய வண்டிகளில் டயர் தேய்வதற்குள் வயதாகிவிடும்.